சந்தனசாமியின் கால் எலும்பு

நெரவி
12.6.1978

தம்பி சூசைக்கு,

அண்ணி அந்தோணிமேரி எழுதுவது. நீ பாண்டிச்சேரி போய்ச் சேர்ந்து போட்ட கடிதம் வந்தது. முதலில் அமலாவைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன், அப்புறம் நானே எழுத்துக் கூட்டி ஒரு தரம் படித்தேன். பதிலை அமலாவிடம் சொல்லி எழுதலாம் என்றால், அவள் நான் சொல்லாததையும் சேர்த்து எழுதிவிடுகிறாள். அதனால் நானே எழுதுகிறேன். நாலாம் வகுப்பு எழுத்து, கோணலாகத்தான் இருக்கும். சிரிக்காதே.

போலீஸ் பயிற்சிப் பள்ளியில் தலையை ஒட்ட வெட்டிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். அத்தையிடம் சொன்னேன். "எம்புள்ள மண்டைக்கு அது நல்லாவா இருக்கும்? பனங்காயாட்டம்ல தெரியும்" என்று சொல்லிவிட்டு ரொம்ப நேரம் சிரித்தார். அப்புறம் கொஞ்சம் அழுதார். உடம்பு முன்னைப் போல இல்லை. கால் வீங்குகிறது. ஆனால் கோயிலுக்குப் போவதை மட்டும் விடவில்லை.

நீ இந்த வேலைக்குப் போனதில் எனக்கு இஷ்டம் இல்லை. அது உனக்குத் தெரியும். நீ பஸ் ஏறின அன்று நான் வாசலுக்கு வரவில்லையே, அது தலைவலியால் இல்லை. உன் அண்ணனைக் கொண்டுவந்து கிடத்தின அன்று ஒரு ஏட்டு வந்தார். தின்பண்டம் கேட்க வந்தவர் மாதிரி வாசலிலேயே நின்றார், தண்ணீர் வாங்கிக் குடித்தார், இரண்டு பேரைக் கேட்டார், எழுதிக்கொண்டு போய்விட்டார். குடிபோதையில் சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்து மூழ்கிச் செத்தார் என்று எழுதினார். வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டு உன் அண்ணன் குடியை விட்டு அப்போதே இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஊருக்கே தெரியும். இருந்தாலும் எழுதினது எழுதினதுதான் என்று ஆகிவிட்டது. நாலு வருஷம் ஓடிவிட்டது, இன்னும் பள்ளிக்கூடத்தில் அமலாவை "குடிகாரன் மவ" என்று கூப்பிடுகிறார்கள். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம் தம்பி. அந்த ஒரு வார்த்தை போனால் போதும். அதை எழுதினவர்கள் கூட்டத்திலேயே நீயும் போய் நின்றால் எனக்கு எப்படி இருக்கும்?

சரி, போய்விட்டாய். நேரத்துக்குச் சாப்பிடு. எண்ணெய் தேய்க்க இனிமேல் தலையில் ஒன்றும் இல்லை என்பது ஒரு மிச்சம்.

அந்தோணிமேரி


புதுச்சேரி
9.7.1978

அன்புள்ள அண்ணிக்கு,

சூசை எழுதுகிறேன். உங்கள் எழுத்து அமலா எழுத்தைவிடத் தெளிவாக இருக்கிறது, பொய் சொல்லவில்லை. அம்மாவை உப்பு குறைத்துச் சாப்பிடச் சொல்லுங்கள். கேட்க மாட்டார், ஆனாலும் சொல்லுங்கள்.

இங்கே விடியுமுன் எழுப்பி டிரில் விடுகிறார்கள். பூட்ஸ் கடித்துக் குதிகாலில் தோல் போய்விட்டது. மத்தியானம் வகுப்பு. சட்டப் புத்தகத்தை ஒருவர் வாசித்துக்கொண்டே போவார், பாதிப் பேர் தூங்குவோம். ஆனால் சோமசேகரன் சார் வகுப்பில் யாரும் தூங்குவதில்லை. அவர் ரிட்டயர் ஆன இன்ஸ்பெக்டர். போன வாரம் வைக்கோலில் ஒரு ஆள் செய்து, பழைய சட்டை கைலி மாட்டி, மைதான ஓரம் வேப்பமரத்தடியில் கிடத்திவிட்டார். பக்கத்தில் ஒரு செருப்பு, ஒரு பாட்டில். "போங்கடா, செத்தவன எப்புடிப் பாப்பீங்கன்னு பாக்கறேன்" என்றார். எல்லாரும் ஓடினோம். ஒருத்தன் பாட்டிலை எடுத்து மோந்து பார்த்தான். ஒருத்தன் பொம்மையைப் புரட்டினான். நான் செருப்பை ஒழுங்காக எடுத்து ஜோடி சேர்த்து வைத்தேன், அண்ணி, நம் வீட்டில் பழகின பழக்கம். சார் தலையில் அடித்துக்கொண்டார். "இவன யாரு கொன்னாங்கன்னு இனிமே தெரியாது. ஆனா நீங்கள்லாம் வந்துட்டுப் போனது நல்லாத் தெரியுது" என்றார்.

அப்புறம் சொல்லிக்கொடுத்தார். எதையும் தொடாதே. பிணத்தின் பக்கத்திலேயே இரு, வேறு யாரையும் அண்ட விடாதே. பார்த்து எழுதுகிற அதிகாரி வந்து எழுதி முடிக்கும்வரை இடத்தை விட்டு எழுந்திருக்காதே. இவ்வளவுதான் பாதிப் பாடம் என்றார்.

தண்ணீரில் செத்தவரை எப்படித் தெரிந்துகொள்வது என்றும் சொன்னார். மூழ்கினவன் கைக்கு அகப்பட்டதைப் பிடிப்பானாம். உள்ளங்கையில் சேறும் புல்லும் இறுகியிருக்குமாம். மூக்கிலும் வாயிலும் வெள்ளை நுரை வருமாம், துடைத்தாலும் திரும்ப வருமாம். இதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அன்றைக்கு நான் திருச்சியில் இருந்தேன், வந்து சேரும்போது எல்லாம் முடிந்துவிட்டது. அண்ணனைக் குளிப்பாட்டினது நீங்கள்தானே. கையில் சேறு இருந்ததா? வாயில் நுரை வந்ததா? உடம்பில் காயம் உண்டா, இருந்தால் எந்தப் பக்கம், எவ்வளவு நீளம்? யோசித்து வரிசையாக எழுதுங்கள்.

சூசை


நெரவி
17.7.1978

மரியசூசை போலீஸ்காரர் அவர்களுக்கு,

வரிசையாக எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். எழுதுகிறேன். நான் உங்கள் அண்ணன் பெண்டாட்டி. நீங்கள் அரைக்கால் சட்டையோடு திரிந்த காலத்தில் இந்த வீட்டுக்கு வந்தவள். உங்களுக்கு அம்மை போட்டபோது வேப்பிலை அடித்தவள். வைக்கோல் பொம்மை இல்லை நான். உங்கள் அண்ணனும் வைக்கோல் இல்லை.

எத்தனை நீளம் என்று கேட்கிறீர்கள். நான் அளந்து பார்க்கவில்லை. அழுதுகொண்டிருந்தேன்.

அத்தை சௌக்கியம். அமலா சௌக்கியம். நீங்கள் நன்றாகப் படித்து பெரிய ஏட்டாக வரவேண்டும்.

அந்தோணிமேரி


புதுச்சேரி
30.7.1978

அண்ணி,

"நீங்கள்" என்று எழுதிவிட்டீர்கள். அடித்திருந்தால்கூடத் தேவலை. தப்புதான். கேட்ட விதம் தப்பு.

ஒன்று சொல்கிறேன். அந்த வகுப்பில் சோமசேகரன் சார் சொன்னார், "நீங்க போய்ச் சேர்றதுக்குள்ள வீட்டுப் பொம்பளைங்க பொணத்தக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, மாப்பிள்ளையாட்டம் வச்சிருப்பாங்க. அத்தோட கேஸும் குளிச்சிட்டுப் போயிரும்" என்று. வகுப்பு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் அது நம் வீடு என்று உறைத்தது. அன்றிரவு உங்களுக்கு அந்தக் கடிதத்தை எழுதிவிட்டேன். யாரிடமாவது கேட்டே தீரவேண்டும் போல இருந்தது.

இனிமேல் கேட்க மாட்டேன். எழுதுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

சூசை


நெரவி
16.9.1978

தம்பி,

மாதா திருநாளுக்கு வேளாங்கண்ணி நடந்து போய்வந்தோம். நானும் அமலாவும், பக்கத்து வீட்டுச் செல்வம்மாளும். அத்தையால் நடக்க முடியாது என்று வீட்டில் விட்டுப்போனதில் அவருக்கு இன்னும் கோபம். "எம்பங்குக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்துனியா, இல்ல அதையும் மிச்சம் புடிச்சியா?" என்று வாசலிலேயே கேட்டார். கொளுத்தினேன்.

நடந்து போகும்போது உன் கேள்வியே காலோடு வந்தது. கேட்டது தப்பில்லை, கேட்ட விதம்தான். அதை நீயே சொல்லிவிட்டாய். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். வரிசையாக வராது.

உன் அண்ணன் அன்று ரைஸ் மில்லில் மூட்டை ஏற்ற வேண்டும் என்று இருட்டோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். வெளிச்சம் வரும்போது நாற்று பறிக்கப் போன ஆட்கள் ரோட்டோர வாய்க்காலில் பார்த்துத் தூக்கி வந்தார்கள். முதுகெல்லாம் சேறு. உள்ளங்கையில் சேறு இல்லை. அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் அந்தக் கையைத்தான் ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன். நுரை நான் பார்க்கவில்லை. பின்மண்டையில் வெட்டினாற்போல ஒரு காயம். தண்ணீர் ஊற்ற ஊற்றச் சிவப்பாக வந்துகொண்டே இருந்தது. வாய்க்கட்டுக் கட்டும்போது துணியை இரண்டு சுற்றாகச் சுற்றி அதை மூடினோம்.

வலது கால் முழங்காலுக்குக் கீழே ஒரு பக்கமாகவே சாய்ந்து சாய்ந்து விழுந்தது. நான் நேராக வைப்பேன், அது திரும்பிக்கொள்ளும். "இது ஏண்டி இப்புடித் தொவளுது?" என்று கேட்டேன். "உசுரு போனா அப்புடித்தாண்டி இருக்கும். கட்டைவெரல் ரெண்டையும் சேத்துக் கட்டிடு, நிக்கும்" என்றாள் செல்வம்மாள். கட்டினோம். நின்றது. கல்யாணச் சட்டையைப் போட்டோம். மாலை போட்டு முடித்த பிறகுதான் ஏட்டு வந்தார். அவர் பார்த்தது சீவிச் சிங்காரித்த ஒரு ஆளை. "குளிப்பாட்டியாச்சா?" என்றார், ஆச்சு என்றோம். "தண்ணி போடுவாரா?" என்றார். பெரியப்பா, "முன்னாடி போடுவான்" என்றார். முன்னாடி என்பதை அவர் எழுதவில்லை.

சைக்கிளும் வளைந்துதான் கிடந்தது. அதை சைக்கிள் கடை சேக் அலாவுதீன் அண்ணன் நிமிர்த்திக் கொடுத்தார்.

நீ எழுதினதைப் படித்தால், காயத்தை எல்லாம் கட்டி மறைத்து வைத்தது நாங்கள்தான் என்று ஆகிறது. ஆகட்டும். செத்தவனைச் சேறும் ரத்தமுமாக எவள் வைத்திருப்பாள்? குளிப்பாட்டாதே, கொஞ்சம் பொறு என்று சொல்ல ஒருத்தரும் அந்த வாசலுக்கு வரவில்லை. உங்கள் சாரிடம் இதையும் சொல். வகுப்பில் சிரிக்கட்டும்.

அந்தோணிமேரி


புதுச்சேரி
15.10.1978

அண்ணி,

உங்கள் கடிதத்தை சோமசேகரன் சாரிடம் கொடுத்தேன். தப்பாக நினைக்காதீர்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி ஒரு தரம் படித்தார். அவர் சிரிக்கவில்லை. "உங்க அண்ணியத் தப்பா நெனச்சுட்டேன்னு எழுது. வகுப்புல இனிமே அந்தப் பேச்சு வராது" என்றார்.

அப்புறம் சொன்னார், இது மூழ்கின சாவு மாதிரி இல்லை, வண்டி அடித்த சாவு மாதிரி இருக்கிறது என்று. லாரியோ பஸ்ஸோ சைக்கிளோடு அடித்து வாய்க்காலில் தள்ளியிருக்கலாம். சதை போனாலும் எலும்பு சொல்லும் என்றார். மனைவி ஒரு மனுவில் கையெழுத்துப் போட்டுத் தாசில்தாருக்குக் கொடுத்தால், அவர் முன்னால், டாக்டரை வைத்துக்கொண்டு குழியைத் திறந்து பார்க்கலாமாம். சட்டத்தில் வழி இருக்கிறது. மனுவை நானே எழுதி அனுப்புகிறேன். நீங்கள் கையெழுத்து மட்டும் போட்டால் போதும். எழுதின வார்த்தையை மாற்ற வேறு வழி கிடையாது.

நல்ல பதிலாக எழுதுங்கள்.

சூசை


நெரவி
5.11.1978

தம்பி,

கல்லறைத் திருநாளுக்கு மூன்று நாள் முன்னால் போய் உன் அண்ணன் குழிமேல் புல்லைச் செதுக்கிச் சுண்ணாம்பு அடித்துவிட்டு வந்தேன். திருநாள் அன்று சாமியார் மந்திரித்துக்கொண்டே வந்தார். எல்லாக் குழியிலும் திரி எரிந்தது. உன் கடிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டுதான் நின்றேன். அப்போதே முடிவு செய்துவிட்டேன். முடியாது.

அத்தை கேட்பது இப்போது ஒன்றே ஒன்றுதான். "எனக்குன்னு புதுசா எடம் தேடாதீங்க. எம்மவன் குழியிலயே என்னையும் வச்சிருங்க" என்கிறார். நம் கல்லறைத் தோட்டத்தில் இடம் ஏது? சில வருஷம் போனால் சொந்தக்காரரைச் சொந்தக்காரர் குழியில்தான் வைக்கிறார்கள். பழைய எலும்பைத் துணியில் முடிந்து காலடியில் வைத்துவிட்டு மேலே புதுப் பெட்டியை இறக்குகிறார்கள். அதற்கென்று ஒரு நேரம் வரும், அப்போது திறக்கட்டும். தாசில்தாருக்கும் டாக்டருக்கும் வேடிக்கை காட்ட நான் திறக்க மாட்டேன்.

அமலாவுக்குக் குடிகாரன் மகள் என்ற பேர் போதும். அப்பனைத் தோண்டினவள் மகள் என்றும் வேண்டாம். அந்த வார்த்தை போக வேண்டும் என்று சொன்னவள் நான்தான். இந்த விலைக்கு வேண்டாம்.

மனுவை அனுப்பாதே. அனுப்பினால் அடுப்பில் போடுவேன். கிறிஸ்துமஸுக்கு லீவு கொடுப்பார்களா?

அந்தோணிமேரி


நெரவி
21.1.1979

தம்பி சூசைக்கு,

தந்தி கொடுத்தும் நீ வரவில்லை. துப்பாக்கி சுடும் பயிற்சிக்குக் காட்டுப் பக்கம் கூட்டிப்போயிருக்கிறார்கள், வந்ததும் தகவல் சொல்கிறோம் என்று பதில் வந்தது. அத்தை பதினாறாம் தேதி விடியற்காலை போய்விட்டார். கஷ்டப்படவில்லை. முந்தின நாள் கஞ்சியில் உப்பு இல்லை என்று என்னோடு சண்டை போட்டார். அதுதான் கடைசிப் பேச்சு.

இனி நடந்ததை நீ அடுத்தவர் வாயில் கேட்கக் கூடாது. அதனால் முழுசாக எழுதுகிறேன்.

அத்தை ஆசைப்படி உன் அண்ணன் குழியைத் திறக்கச் சொல்லி கோயில் உபதேசியாரிடம் சொன்னோம். குழி வெட்டும் கருப்பையன் காலையிலேயே தோண்ட ஆரம்பித்துவிட்டான். கோயிலில் பூசை முடிந்து நாங்கள் பெட்டியோடு வரும்போது அவன் குழிக்கு வெளியே உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தான்.

"அக்கா, ஒரு விசயம். கால்மாட்டுல ஒரு எலும்பு ரெண்டா ஒடிஞ்சு கெடக்கு. அந்தப் பக்கம் கையாலதான் மண்ண ஒதுக்குனேன், எம்மம்பட்டி படவேயில்ல. அப்பறம் கருப்பையன் ஒடிச்சுட்டான்னு எம்மேல பழி போடாதீங்க" என்றான்.

எட்டிப் பார்த்தேன். பெட்டி மக்கி மண்ணாகியிருந்தது. உன் அண்ணனைக் கிடத்தின மாதிரியே எலும்பு கிடந்தது. சட்டைப் பித்தான் கிடந்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே ஒடிந்து, ஒரு துண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. எந்தப் பக்கமாக அன்று சாய்ந்து சாய்ந்து விழுந்ததோ அதே பக்கம். நாங்கள் கட்டின கட்டு மக்கிப்போய்விட்டது, கால் மறுபடி அதன் இஷ்டத்துக்குத் திரும்பிக்கொண்டது.

கருப்பையன் குழியில் இறங்கி எலும்பைத் துணியில் பொறுக்கக் குனிந்தான். "தொடாத" என்றேன். எனக்கே என் குரல் தெரியவில்லை. "மேல ஏறி வா. எதையும் தொடாத."

"அப்பறம் ஆயாவ எங்க வைக்கிறது?" என்றான்.

கல்லறைத் தோட்டத்து வாசலோரம் மரியாதைக்கு வந்து சேக் அலாவுதீன் அண்ணன் நின்றிருந்தார். "அண்ணே, சைக்கிள எடுங்க. ஸ்டேஷனுக்குப் போங்க" என்றேன். "என்னன்னும்மா சொல்றது?" என்றார். "செத்தவரு பக்கத்துல ஒரு பொம்பள ஒக்காந்திருக்கா, எழுதுற ஆளு வந்தாத்தான் எந்திரிப்பான்னு சொல்லுங்க" என்றேன். அவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் குழி விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன்.

பெட்டியைத் தோளில் வைத்திருந்தவர்களுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. பூவரச மரத்து நிழலில் இறக்கி வைத்தார்கள். பெரியப்பா வந்தார். "கொழுந்தன் போலீசுல சேந்தா இவளும் சேந்துட்டாளா? தொப்பி ஒண்ணுதான் கொறச்சல்" என்றார். யாரோ சிரித்தார்கள். "மாமியாளப் பொதைக்க வந்த எடத்துல புருசனுக்கு வழக்கு நடத்துறா" என்று பின்னால் ஒரு குரல். எழுந்து பதில் சொன்னால் இடத்தை விட்டு நகர வேண்டியிருக்கும்.

சாமியார் வந்து குனிந்து, "அந்தோணிமேரி, இறந்தவங்களக் காக்க வைக்கலாமா?" என்றார் மெதுவாக.

"உள்ள கெடக்குறவரும் காத்துக்கிட்டுத்தான் இருக்காரு சாமி" என்றேன். அவர் நிமிர்ந்தார். அப்புறம் பெட்டிப் பக்கம் போய் ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தார். அமலா குடையைக் கொண்டுவந்து எனக்குப் பிடித்தாள். "பாட்டிக்குப் போய்ப் புடி" என்றேன். "பாட்டி நெழல்லதாம்மா இருக்கு" என்றாள்.

வெயில் நன்றாக ஏறின பிறகு வந்தார்கள். பழைய ஏட்டு இல்லை, அவர் மாற்றலாகிப் போய் ரொம்ப நாள் ஆகிறதாம். வந்தவர் பூமிநாதன் என்ற சப்-இன்ஸ்பெக்டர், சின்ன வயசு. வந்ததும் கத்துவார் என்று நினைத்தேன். குழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "யாராச்சும் எறங்குனாங்களா, எதையாச்சும் தொட்டாங்களா?" என்றுதான் முதலில் கேட்டார். "யாரும் தொடலங்க. இவன் மம்பட்டி தலைமாட்டுப் பக்கம்தான் பட்டுச்சு. கால்மாட்டுல கையாலதான் மண்ண ஒதுக்கியிருக்கான்" என்றேன். "இதெல்லாம் உங்களுக்கு யாரும்மா சொல்லிக்குடுத்தது?" என்றார். சொன்னேன்.

தாசில்தாரும் டாக்டரும் மறுநாள்தான் வர முடியும் என்றார்கள். இரண்டு போலீஸ்காரர்களைக் காவல் வைத்துக் குழியைப் பலகையால் மூடினார்கள். அதுவரை அத்தையை வைத்திருக்க முடியாது. உபதேசியார் மேற்குச் சுவரோரம் ஒரு இடம் காட்டினார். கருப்பையன் திட்டிக்கொண்டே புதுக் குழி வெட்டினான். சாயங்காலம் அத்தையை அங்கே வைத்தோம்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. அதை நான் செய்யவில்லை. கையெழுத்துப் போட மாட்டேன் என்று உன்னிடம் சொன்னவளும் நான்தான். அன்று அந்தக் கால் அப்படிக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, அதைத் துணியில் முடிந்து வை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோபப்படுவதானால் கோபப்படு. உன் பாடத்தைத்தான் செய்தேன்.

அந்தோணிமேரி


புதுச்சேரி
11.2.1979

அண்ணிக்கு,

உங்கள் கடிதமும் தந்தியும் ஒரே நாளில் கைக்கு வந்தன. அம்மா செத்து ஒரு வாரம் கழித்து நான் அம்மா செத்ததைத் தெரிந்துகொண்டேன்.

நான் சொன்னது மனுப் போட்டு முறையாகத் திறப்பதை. அம்மா பெட்டியை மரத்தடியில் இறக்கிவைத்து, ஊர் சிரிக்க, வெயிலில் போலீசுக்குக் காத்திருக்கச் சொல்லவில்லை. அம்மாவை யாரோ தெரியாதவர்கள் பக்கத்தில், சுவரோரம் வைக்கச் சொல்லவில்லை. நான் அங்கே இருந்திருந்தால் அண்ணனைத் துணியில் முடிந்து அம்மா காலடியில் வைத்திருப்பேன். இதைப் போலீஸ்காரனாகச் சொல்லவில்லை, மகனாகச் சொல்கிறேன்.

சோமசேகரன் சாரிடம் காட்டினேன். "உங்க அண்ணி செஞ்சத உங்கள்ல பாதிப் பேரு செய்ய மாட்டீங்க" என்றார். வகுப்பில் சொல்லலாமா என்று கேட்டார். வேண்டாம் சார் என்றுவிட்டேன்.

அடுத்த மாதக் கடைசியில் பயிற்சி முடிகிறது. என்னை மாகிக்குப் போட்டிருக்கிறார்கள். ரொம்ப தூரம். நடுவில் கொஞ்சம் லீவு உண்டு. ஊருக்கு வர மனசில்லை.

மரியசூசை


நெரவி
1.4.1979

தம்பி,

நீ மகனாகச் சொன்னதைப் படித்தேன். நீ சொன்னது சரி. நான் செய்ததும் தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டும் இருந்துவிட்டுப் போகட்டும்.

நேற்றைக்கு முன் தினம் பூமிநாதன் சார் வீட்டுக்கே வந்தார். உள்ளே வந்து பாயில் உட்கார்ந்து படித்துக் காட்டினார். டாக்டர் எழுதியிருக்கிறார். மம்பட்டி பட்டு ஒடிந்திருந்தால் எலும்பு உள்ளே வெளுப்பாக இருக்குமாம், இது உள்ளும் வெளியும் ஒரே பழுப்பு, உயிர் போகிற நேரத்தில் ஒடிந்தது. மண்டையிலும் அதே மாதிரிப் பழைய வெடிப்பு இருக்கிறது. வாய்க்காலில் விழுந்தால் இப்படி ஒடியாது, கனமான வண்டி அடித்தால்தான் ஒடியும். அதனால் பழையதை மாற்றி, அடையாளம் தெரியாத வண்டி மோதி சந்தனசாமி இறந்தார் என்று எழுதியாகிவிட்டது. எந்த வண்டி என்று கேட்டேன். "இனிமே தெரியப்போறதில்லம்மா, பொய் சொல்லக் கூடாது" என்றார். சரி என்றேன்.

குடி என்ற வார்த்தை அதில் எங்கேயும் இல்லை. அமலாவை விட்டு மறுபடியும் படிக்கச் சொன்னேன். அவள் படித்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்துக் கிணற்றடியில் செல்வம்மாள் மகளிடம் அதையே மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பெரியப்பா ராத்திரி வந்து ஒரு வாழைத்தாரை வாசலில் வைத்துவிட்டுப் போனார். பழம் நல்ல பழம்.

மற்ற எலும்பை எல்லாம் அப்போதே குழியில் வைத்து மூடிவிட்டார்கள். சாமியார் திரும்ப மந்திரித்தார். அந்த ஒடிந்த கால் எலும்பை மட்டும் டாக்டர் பார்க்க எடுத்துப்போனார். இப்போது வேலை முடிந்துவிட்டது, வீட்டு ஆள் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்கிறார்கள். நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆம்பிளை ஆள் யாரும் இல்லையா என்று கேட்டு, இந்த அறைக்கும் அந்த அறைக்குமாக அலைய விட்டார்கள். நீ வந்து வாங்க வேண்டும். நீதான் வாங்க வேண்டும்.

அதை உன் அண்ணன் குழியில் போட வேண்டாம். அத்தை குழியில் வைப்போம். அவரை மகன் பக்கத்தில் வைக்க நம்மால் முடியவில்லை, மகனுடைய ஒரு காலாவது அவர் பக்கத்தில் கிடக்கட்டும். சாமியாரிடம் கேட்கலாமா என்று யோசிக்காதே, வேண்டாம் என்று சொல்லிவிட்டால் சங்கடம். கருப்பையனிடம் பேசிவிட்டேன். "ஒரு மொழம் தோண்டுனாப் போதும்க்கா, அரை நாழி வேல" என்றான்.

மாகிக்குப் போகுமுன் வா. யூனிபார்ம் போட்டுக்கொண்டு வா. ஆஸ்பத்திரியில் சீக்கிரம் கொடுப்பார்கள்.

அண்ணி